நாற்பத்தொரு மேற்கோள்கள்

அரசறிவியல் விரிவுரையாளர் தியாகராசா பேராசிரியராவதற்கு ஒரே தடை, அவருடைய கட்டுரைகளை எவரும் மேற்கோள் காட்டாததுதான். பதினைந்து வருடங்களில் இரண்டே மேற்கோள்கள். இரண்டையும் காட்டியவர் அவரே.

அன்று கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து யாழ்ப்பாணம் வந்த நண்பர் ஒருவர், வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் கடைசிப் பக்கத்துப் பட்டியலைத் தியாகராசா இரண்டு தரம் எண்ணினார்.

"குணம், நாப்பத்தொரு பேர் என்னை மேற்கோள் காட்டியிருக்கினம்! எல்லாம் இந்த ரெண்டு வருசத்துக்குள்ளை."

"மண்ணெண்ணெய் வரிசையிலை நிக்கிற மனிசனை உலகம் ஏன் திடீரெண்டு தேடுது?" என்றபடி மனைவி குணலட்சுமி இதழை வாங்கிப் புரட்டினாள்.

"இஞ்சேருங்கோ, உள்ளை முதல் பக்கத்திலை உங்கடை படம். கீழை 1938–1990 எண்டு கிடக்கு."

அவர் பறித்துப் படித்தார். இதழாசிரியர் அனுப்பிய மூன்று கடிதங்களும் திரும்பிப் போனதால், தியாகராசா போரில் இறந்துவிட்டதாக முடிவுகட்டியிருந்தார்கள். கையிலிருந்தது இரண்டாம் ஆண்டு நினைவிதழ்.

"ரெண்டு திவசமும் முடிச்சிட்டாங்கள். உயிரோடை இருக்கிறன் எண்டு இண்டைக்கே எழுதுங்கோ!"

அவர் களைப்போடு பதவி உயர்வு விண்ணப்பத்தை எடுத்தார்.

"முதல்லை பேராசிரியராவம். உயிரோடை இருக்கிறதைப் பிறகு பாப்பம்."