மருதாணி வைக்காத விரல்

தங்கையின் இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

முழங்காலுக்குக் கீழே வீக்கம். அதில் கை படாமல் பாதத்தை மட்டும் பிடித்தான். பக்கத்தில் ஒரு டப்பா, அம்மா அரைத்துக் கொடுத்த மருதாணி.

மதியம் மூன்று மணி. வார்டில் பாதிப்பேர் தூக்கத்தில் இருந்தார்கள்.

விடிந்தால் ஆப்பரேஷன்.

இரண்டுக்கும் சேர்த்தே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கட்டி பிடித்த எலும்பை மட்டும் எடுத்துவிட்டு, உலோகம் வைத்துக் காலைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். ரத்தக்குழாயிலும் கட்டி ஏறியிருந்தால் தொடையோடு எடுத்துவிடுவார்கள். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

அதற்குத்தான் இசக்கி மருதாணி கேட்டாள்.

"பூ வைக்கத்தான் தலையில முடி இல்ல. கால்லயாவது வச்சு விடுண்ணே. போனாலும் அழகாப் போட்டும்."

பத்தொன்பது வயதில் பேசுகிற பேச்சா இது. அவன் டப்பாவைத் திறந்தான்.

லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவன். ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போடுவான்.

பாதத்தில் ஒரு வட்டம். சுற்றிலும் புள்ளிகள். பிறகு விரல்களுக்குத் தொப்பி, நகமும் அடியும் மூடும்படி.

சுண்டுவிரலைத் தொட்டதும் வெடுக்கென்று மடக்கிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு எழுந்திருக்காத காலைகளில் அவளை எழுப்ப அவன் கண்டுபிடித்திருந்த வழி அந்த ஒரு விரல்தான்.

"ஆட்டாதட்டி. கோணலாப் போவுது."

"கூசுதுண்ணே. அத விட்டுரு."

விட்டுவிட்டான்.

"காலோட வா. மிச்சத்த அப்புறம் வைக்கேன்."

அவள் சிரித்தாள். அவன் டப்பாவை மூடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

காலையில் போர்வையை விலக்கிய நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரு பாத்த வேல இது? விரல அழுத்திப் பாத்துதான் ரத்தம் ஓடுதான்னு சொல்லுவோம். எல்லாத்தையும் செவப்பாக்கி வச்சா நாங்க எதப் பாக்கிறது?"

சோப்பு. ஸ்பிரிட். தேங்காய் எண்ணெய். எதற்கும் அசையவில்லை. அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது. வேறு நாளாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பான். அன்று தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் நர்ஸ் சுண்டுவிரலைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேள. இது ஒண்ணு இருக்கு."

ஏழு மணி நேரம்.

ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தபோது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையின் கால்பக்கத்தைத்தான் பார்த்தான்.

இரண்டு மேடு இருந்தது.

அழக்கூட நர்ஸ் அவகாசம் தரவில்லை. ரத்தக்குழாயில் ஒட்டுப் போட்டிருக்கிறார்களாம். இரண்டு நாள் அடைபடாமல் ஓடினால்தான் கால் தங்கும். அடைத்துக்கொண்டால் எடுத்துவிட வேண்டியதுதான்.

மணிக்கு ஒருமுறை சுண்டுவிரலை அழுத்திப் பார்த்தார்கள். ஐ.சி.யு. கண்ணாடிக்கு வெளியே அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான்.

வெளுக்கும்.

சிவக்கும்.

நர்ஸ் அவனைப் பார்த்துத் தலையாட்டுவார். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அது போதும்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். கால் தங்கிவிட்டது என்றார் டாக்டர். விரலை அசைக்கச் சொன்னார்.

அசையவில்லை.

நரம்பு ரொம்பவே அடிபட்டிருக்கிறது, உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம், வராவிட்டால் பாதம் தொங்கியேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இசக்கி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணின் ஓரம் நனைந்தது.

அவன் கால்மாட்டில் உட்கார்ந்தான். நான்கு விரல்கள் சிவப்பாக இருந்தன. ஒன்று வெறுமையாக இருந்தது.

பள்ளிக்கூடக் காலைகளில் செய்வதுபோல அதன் அடியில் நகத்தால் மெல்லக் கீறினான்.

ஒன்றுமில்லை.

மறுபடியும் கீறினான்.

விரல் மடங்கியது. கொஞ்சம்தான்.

"கைய எடுண்ணே" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

அவன் எடுக்கவில்லை.