வீட்டு இலக்கம்

"போன வருஷமும் இதே பிள்ளைதான் வந்திச்சு. நான்தான் டைப் பண்ணி அனுப்பிக் குடுத்தேன். ஒரு பதிலும் இல்ல" என்றார் பதுர்தீன்.

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருடைய இன்டர்நெட் கடை. அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் அவர் 'நானா', அதாவது அண்ணன். மொத்தம் நான்கு கணினிகள். மூலையில் இருந்த கணினியின் முன்னால் வேலம்மாவும், கொழும்பில் வேலை பார்க்கும் அவளுடைய அக்கா புஷ்பராணியும் உட்கார்ந்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் வழியில் இரண்டு இடத்தில் பொலிஸ் பஸ்ஸை நிறுத்திச் சோதித்ததில் அவர்கள் வந்து சேரவே நண்பகல் ஆகிவிட்டது.

தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம். இணையத்தில்தான் அனுப்ப வேண்டும். இன்று மாலை நான்கு மணியோடு முடிகிறது. அடுத்த வருடம் என்றால் வேலம்மாவுக்கு வயது கடந்துவிடும்.

"இவ மட்டும் இல்ல மகள். யட்டவத்தப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைங்க ஒம்பது பேருக்கு இங்க இருந்து அனுப்பினேன். ஒருத்தரையும் கூப்பிடல்ல. டவுன் பிள்ளைங்க நாலு பேர் அனுப்பினாங்க. நாலு பேருக்கும் இன்டர்வியூ! தோட்டத்துப் பேரக் கண்ட ஒடனே கிழிச்சுப் போடுறாங்க."

"கிழிக்கிறதுக்கு அங்க ஆளே இல்ல நானா" என்றாள் புஷ்பராணி. "அது வெறும் புரோகிராம். அதுக்குத் தோட்டம் எது, டவுன் எதுன்னு என்ன தெரியும்?"

"அப்ப ஏன் பதில் வரல்ல?"

"அதுதான் எனக்கும் தெரியணும்." அவள் தங்கையிடம் திரும்பினாள். "அனுப்பினதுக்குப் பொறகு ஈமெயில்ல பதிவு நம்பர் வந்துச்சா?"

"நன்றின்னு ஸ்கிரீன்ல வந்துச்சுக்கா. நம்பர் ஒண்ணும் வரல."

"நன்றி சொல்றது இந்தப் பக்கம். நாம நிரப்பினத வாங்கி, ஒவ்வொரு கட்டமா பார்த்து எடுத்து வைக்கிறது கொழும்புல இருக்கிற புரோகிராம். அது எடுத்து வச்சாத்தான் நம்பர் வரும்."

"ஒனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார் பதுர்தீன்.

"வேல செய்யிற எடத்துல பழகினது."

வேலம்மாவின் விவரங்களை நிரப்பி அனுப்பினாள். நன்றி வந்தது. கால் மணி நேரம் காத்திருந்தார்கள். நம்பர் வரவில்லை.

பாடசாலையின் பெயரை மாத்தளை டவுன் பாடசாலையாக மாற்றி அனுப்பினாள். வரவில்லை.

"பேர மாத்திப் பாரு. என்ட மகள்ட பேரு மஸூதா. அதப் போடு" என்றார் பதுர்தீன். அதற்கும் வரவில்லை. ஒரு ஆள் பிரிண்ட் எடுக்க வந்து நின்றான். அவர் அவனைக் கவனிக்காமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவர்களோடு உட்கார்ந்துவிட்டார்.

நான்காவது முறை, விலாசத்தில் மட்டும் தோட்டத்தை எடுத்துவிட்டு பதுர்தீனின் கடை விலாசத்தைப் போட்டாள்.

இரண்டே நிமிடத்தில் பதிவு நம்பர் வந்தது.

"நான் என்ன சொன்னேன்!" பதுர்தீன் மேசையில் தட்டினார். "தோட்டத்து அட்ரஸ்! அதுதான் அவனுக்கு ஆகல்ல!"

புஷ்பராணியின் முகம் கறுத்துவிட்டது. "இருங்க நானா. இன்னும் ஒண்ணு பாக்கணும்."

மறுபடியும் தோட்டத்து விலாசத்தையே போட்டாள். ஆனால் கடை விலாசத்துக்கு மட்டும் நிரப்பி, தோட்டத்து விலாசத்துக்கு வெறுமையாக விட்டிருந்த முதல் கட்டத்தில், வீட்டு இலக்கம் என்ற இடத்தில், சும்மா ஒரு 'ஒன்று' போட்டாள்.

நம்பர் வந்தது.



"தோட்டம் இல்ல காரணம்" என்றாள் புஷ்பராணி மெதுவாக. "இந்தக் கட்டம். இது காலியா இருந்தா மொத்தத்தையும் அப்படியே விட்டுடுது."

"நம்ம லயத்துல வரிசையா கெடக்கிற ரூமுங்களுக்கு ஏதுக்கா நம்பர்? கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தானே வருது" என்றாள் வேலம்மா.

பதுர்தீனுக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்தது. "ஒம்பது பிள்ளைங்கட ஒரு வருஷம் போயிட்டுது! வீடுன்னா நம்பர் இருக்கும்னு நெனச்சிட்டான். எவனோ கொழும்புல ஏசி ரூமுக்குள்ள பொறந்தவன். லயத்தப் படத்துலகூட கண்டிருக்க மாட்டான்!" பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால். "சரி விடு. பொய்யா ஒரு நம்பரப் போட்டு அனுப்பு, மகள்."

"வேணாம் நானா. நாளைக்கு அட்ரஸ் பொய்யின்னு இவள நிப்பாட்டுவாங்க. அதோட, மத்தப் பிள்ளைங்க என்ன செய்வாங்க?"

அவள் வேறொரு பக்கத்தைத் திறந்தாள். நீளமாக ஒரு பாஸ்வேர்டை அடித்தாள். திரை முழுவதும் பொடி எழுத்தில் ஆங்கில வரிகள் இறங்கின. ஓர் இடத்தில் நிறுத்தி, ஒரே ஒரு வரியை அழித்து, மூடினாள்.

"இப்ப ஒன்னோடத அனுப்பு. அந்தக் கட்டத்தச் சும்மா விடு."

வேலம்மா அனுப்பினாள். பதிவு நம்பர் வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பதுர்தீன் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மகள், காலம் கெட்டுக் கிடக்கு. அடுத்தவன்ட மெஷினுக்குள்ள பூந்து கைய வச்சிருக்க. பொலிஸ் வந்தா என்ட கடைக்குத்தானே வரும்?"

"ஆமாக்கா, அந்தப் பாஸ்வேர்ட் ஒனக்கு எப்படிக் கெடச்சுச்சு?" என்றாள் வேலம்மாவும்.

புஷ்பராணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் புரோகிராம எழுதினதே நான்தான்டி. கொழும்புக்குப் போன நாள்ல இருந்து லயத்து அட்ரஸ எங்கயும் காட்டாம, போர்டிங் வீட்டு நம்பரையே எழுதி எழுதி, நம்பர் இல்லாத வீட்டுலயும் ஆளுங்க இருக்காங்கங்கிறது எனக்கே மறந்துபோச்சு."