மழை படாத பக்கம்

"பாசி படிஞ்சிருக்குன்னு ரோடு போடாம இருக்க முடியுமா டீச்சர்? அப்படிப் பாத்தா எங்க வீட்டு பாத்ரூமைக்கூட இடிக்க முடியாது."

சாலை இன்ஜினியர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை.

"அது பாசி இல்ல சார், லைக்கன். பாசியும் பூஞ்சையும் ஒண்ணா சேர்ந்து வாழற உயிர். இந்த வகை வயசான காட்டு மரத்துல மட்டும்தான் வளரும். இருக்குன்னு உறுதியாயிட்டா உங்க ரம்பம் இந்த வரிசையைத் தொடக் கூடாது. சட்டமே இருக்கு."

"அதை இவங்க சொல்லட்டும்."

'இவங்க', வனத்துறைத் தலைமை அலுவலகம் அனுப்பிய ஆய்வாளர். டீச்சருடைய மகள் வயதுதான் இருக்கும். எந்நேரமும் கழுத்தில் லென்ஸ் தொங்குவதால் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வாங்கியவள். வந்ததிலிருந்து மூக்கு மரத்தில் உரசும்படி நின்றிருந்தாள்.

காட்டோரத்து இந்த மரங்களுக்காக இரண்டு வருடம் மனு எழுதி டீச்சருக்குக் கை ஓய்ந்துவிட்டது. மனுவைப் படித்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், அதோடு சரி. நாளைக்கு வெட்டப் போகிறார்கள். இந்த முறை அவள் விடுவதாக இல்லை.

சாம்பல் பச்சையில், இலை போல மடிந்து கிடந்த லைக்கனை லேசாகக் கீறி ஒரு சொட்டு சோதனை மருந்து விட்டாள் பூதக்கண்ணாடி. கீறல் மஞ்சளானது.

"அதேதான்," என்றாள். "அபூர்வமான இனம்."

இன்ஜினியரின் முகம் விழுந்துவிட்டது. "மேலிடத்துக்குச் சொல்லிடறேன்" என்று முனகியபடி, போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பூதக்கண்ணாடி திரும்பினாள்.

"டீச்சர், இதுக்கு ஈரம் வேணும். மழை அடிக்கிற பக்கம்தான் வளரும். இங்க ஏன் காஞ்ச பக்கத்துல இருக்கு?"

"அதைப் போய் என்கிட்ட கேட்டா?"

"ஈரத்துல பசை காயாதே, அதனாலயா?"

பிளேடு முனையால் ஓரத்தை நெம்பினாள். அடியில் பளபளவென்று ஒரு கோடு.

டீச்சர் தலைகுனியவில்லை. "ஆமா, நான்தான் ஒட்டினேன். மலை மேல காத்துல முறிஞ்சு விழுந்த கிளையில இருந்து எடுத்தேன். உண்மையைச் சொன்னப்ப எவனும் காதுல போட்டுக்கல. எழுதிக்கோங்க, என் வேலை போனாலும் போகட்டும். மரத்தை மட்டும் வெட்ட விடமாட்டேன்."

பூதக்கண்ணாடி கோபப்படவில்லை. லென்ஸைக் கழற்றி நீட்டினாள். "பசைக்கு அடியில பாருங்க."

பட்டையின் வெடிப்புக்குள் முடி போன்ற காம்புகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் குண்டூசித் தலை மாதிரி ஒரு கருப்புப் புள்ளி. எல்லாம் பசையில் மூழ்கிக் கிடந்தன.

"இதுவும் லைக்கன்தான். மழையே படாத பட்டையில மட்டும் வரும். நீங்க ஒட்டினதைவிட அபூர்வம், இந்த மரத்துக்கே சொந்தமானது. ஒட்டினதையோ செத்துப்போனதையோ நான் எழுத முடியாது. உயிரோட ஒரு மரத்துல இருந்தா போதும், மொத்த வரிசையும் தப்பிச்சிடும். அவர் வர்றதுக்குள்ள சொல்லுங்க டீச்சர், நீங்க பசை தடவாத மரம் எது?"

டீச்சர் வரிசையைக் கடைசி வரை பார்த்தாள். அவள் ஒரு மரத்தைக்கூட விட்டு வைத்திருக்கவில்லை.