அடி வாங்கும் சாம்பியன்

நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவனுக்குத் தலை சுற்றியது. மூன்று வருடமாக மாநில சாம்பியன் என்று எல்லோரும் சொன்ன பெண், குளத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். இந்தக் கரையில் அவளுடைய அம்மா, அந்தக் கரையில் அக்கா. இருவர் கையிலும் ஆளுயரக் கம்பு. அவள் கரையை நெருங்கும்போதெல்லாம் தலையில் ஒரு போடு!

மேனேஜரிடம் ஓடினான்.

“சார், அந்தப் பொண்ண அடிக்கிறாங்க சார்!”

“அடிக்கட்டும்ப்பா. அடி நின்னா அவ நீச்சலும் நின்னுடும்” என்றவர், கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

இதென்ன கூத்து என்று குழம்பிப்போய்த் திரும்பி வந்தால், அந்தப் பெண்ணே கரையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, இன்னும் கொஞ்சம் பலமா அடி. நாளைக்கு தேசிய அணிக்கு ஆள் எடுக்குறாங்கல்ல?” என்று சொல்லிவிட்டு மறுபடி நீந்தப் போனாள்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் திரும்பி வேகமாக வந்துகொண்டிருக்கும்போதே அம்மாவின் கையிலிருந்து கம்பைப் பிடுங்கிவிட்டான்.

“நீங்கல்லாம் ஒரு தாயா?”

“ஐயோ தம்பி, தட்டுங்க! சுவர் வந்துடுச்சுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? கண்ணு தெரியாத பொண்ணு தம்பி அவ! மோதிக் கை உடைஞ்சா நாளைக்கு எல்லாம் போச்சு!”

பதறிப்போய்க் கம்பை நீட்டி, அவள் தலையில் பட்டும் படாமலும் தட்டினான். அந்த நொடியே அவள் கையை மடக்கி, சுவரைத் தொட்டு எழுந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“யாருங்க அது, பூ வைக்கிற மாதிரி தட்டுறது? எங்கம்மாகிட்ட கம்பக் குடுங்க!”