மூடியின் உள்பக்கம்

அடையாறு ஆபீஸில், போர் விளையாட்டுக்காகப் பழைய டாங்கி ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டினேன். டீம் லீடர் சேரனின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த அதன் புகைப்படம்தான் ஆதாரம். அதிலுள்ள துருப்புள்ளிகூடத் தப்பக்கூடாது என்பான். படத்தில் மேல்மூடி சாத்தியிருந்ததால் அதன் உள்பக்கத்தை வெறுமையாக விட்டேன். மறுநாள் அங்கே நகக்கீறல்கள் இருந்தன.

“போட்டோல இல்லாதத இன்னாத்துக்குப் போட்ட?” என்றான் சேரன்.

“நான் போடல.”

“பொய் சொல்லிக்கினு கீற.” அவனே அழித்தான்.

அடுத்த நாள் கீறல்கள் இன்னும் ஆழமாக இருந்தன. எல்லார் முன்னாலும் என்னை வேலையை விட்டுப் போகச் சொன்னான்.

பையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவன் முதுகுக்குப் பின்னால், புகைப்படத்தில், டாங்கியின் மூடி திறந்திருந்தது.

அவனிடம் நான் சொல்லவில்லை.