பட்டன் போன்

“எங்கே அவன் போன்? இப்பவே எடுத்து மேஜை மேல வை. என் தம்பி என்ன உனக்குக் கைதியா?”

கணக்கு டீச்சர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது, இன்னொன்று கூடத்துக்குள் வந்துவிட்டது. அரை நாள் லீவு போட்டு, மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியதே தவிர கோபம் குறையவில்லை.

பின்னே என்ன? ஊரையே லிஃப்டில் ஏற்றி இறக்குகிற மெக்கானிக், அவள் தம்பி. அவன் ஒரு பட்டன் போனோடு திரிகிறானாம். ஏடிஎம் கார்டு பெண்டாட்டி கையிலாம். பஸ்ஸுக்குக்கூட தினம் அவளிடம்தான் கேட்டு வாங்குகிறானாம். நேற்றுச் சாப்பிடும்போது டீச்சரின் கணவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். அதற்கப்புறம் சோறு இறங்குமா அவளுக்கு?

தம்பி மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தர மாட்டேன் அண்ணி.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குடும்பத்தில் அவள் முன்னால் வாயைத் திறந்தவர் யாருமில்லை. அவளுடைய மாமியாரே அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

“ஏன்னு கேக்கறேன்!”

“அவர் போன்ல ரம்மி ஆடறார். எட்டு மாசமா.”

தம்பி தலையைத் தொங்கப்போட்டபடி, மேஜையில் இருந்த பட்டன் போனைப் பார்த்தான்.

“அட, இவ்வளவுதானா?” டீச்சர் ஃபேனுக்கு அடியில் போய் நின்றாள். “உலகத்துல யாருதான் ஆடல? அது திறமை ஆட்டம்டி. கணக்குத் தெரிஞ்சவன் ஜெயிப்பான்.”

“கணக்குத் தெரிஞ்சவங்கதான் அண்ணி அதிகமா விடறாங்க. அடுத்த ஆட்டத்துல எடுத்துடலாம்னு கணக்குப் போட்டே போறாங்க.”

“எனக்கே பாடமா?”

“பாடம் இல்ல. பார்த்ததைச் சொல்றேன்.” அவள் சட்டையை உதறினாள். “பாத்ரூமுக்குப் போனை எடுத்துட்டுப் போய் அரை மணி நேரம் குழாயைத் திறந்து விடறார். போனைக் கவுத்துத்தான் வைக்கறார். யாராவது பக்கத்துல வந்தா எரிஞ்சு விழறார். சங்கிலி எங்கேன்னு கேட்டா, பாலிஷுக்குக் குடுத்திருக்காம்.”

டீச்சர் புடவைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“விட்டதை எடுத்துட்டா அவனே நிறுத்திடுவான். ஒரு நல்ல கை விழணும், அவ்வளவுதானே?”

“விழாதுக்கா,” என்றான் தம்பி. “விழுந்தாலும் நிறுத்த முடியாது. அதான் வியாதி. ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு அம்மா இருக்காங்க. திட்டறதில்ல. என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க. வாரம் ஒரு நாள், இதுல மாட்டினவங்க எல்லாம் வட்டமா உக்காந்து பேசறாங்க. பேங்க் மேனேஜர்கூட வர்றார்.”

“மனநல ஆஸ்பத்திரிக்கா போறே? குடும்ப மானம் கப்பலேறிடும்டா!”

“ஏறட்டும்!” துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள் தம்பி மனைவி. இந்தக் குரலை டீச்சர் கேட்டதே இல்லை. “நல்லா ஏறட்டும் அண்ணி. மானத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்கு ஆள் வேணும். போன மாசம், துணி எடுக்கப் போறேன்னு மொட்டை மாடிக்குப் போனவங்க ஒரு மணி நேரம் வரல. போய்ப் பார்த்தா ஈரத் துணியில மூஞ்சியைப் புதைச்சு அழுதுட்டிருந்தாங்களாம். அந்த அழுகைக்கு முன்னாடி மானமாவது மண்ணாவது! யார் வந்து கத்தினாலும் அந்தப் போனை நான் தர மாட்டேன்.”

டீச்சர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். மடியில் இருந்த கைப்பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. மறுபடியும் அதிர்ந்தது. அவள் கை பையின் ஜிப் வரைக்கும் போய், அங்கேயே நின்றது.

பையை மடியோடு அணைத்துக்கொண்டு, “அந்த ஆஸ்பத்திரி நம்பரைக் குடு,” என்றாள். “எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் இருக்கா. பாவம். அவளுக்கு.”

‘எனக்கில்ல டீச்சர், என் ஃப்ரெண்டுக்கு’ என்று வந்து நின்ற பிள்ளைகளை இருபத்து மூன்று வருஷமாக ஒரே பார்வையில் பிடித்தவள் அவள். இன்று அதே பொய் தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தம்பி மனைவி அலமாரியைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். சனிக்கிழமை, காலை பத்து மணி. நேரத்துக்குக் கீழே எழுதியிருந்தது டீச்சரின் பெயர்.

“இது... இவன் பேர் எங்கே?”

“ரம்மிக்கு எத்தனை சீட்டுன்னுகூட எனக்குத் தெரியாதுக்கா,” என்றான் தம்பி. “மாமா வந்து அழுதார். உன்கிட்ட நேரா சொல்ல எங்க யாருக்கு தைரியம் இருக்கு? என்னைப் பத்திச் சொன்னா சண்டை போடவாவது ஓடி வருவேன்னு தெரியும். சனிக்கிழமை நானும் கூட வர்றேன்.”

தம்பி மனைவி மேஜையில் இருந்த பட்டன் போனை எடுத்து டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

“உங்க போனை எடுத்து மேஜை மேல வைங்க அண்ணி. இது உங்களுக்காக வாங்கினதுதான்.”