பதுவைக்குப் போகும் திருக்கை

"ஏர்போர்ட்டுல நாயை வுட்டு மோப்பம் புடிப்பான்டி."

"புடிக்கட்டும். மீனுக்குத் தடை இல்ல, கறிக்கும் பாலுக்கும்தான் தடை. ஜூடி கம்ப்யூட்டர்ல பாத்துட்டா."

"பக்கத்து சீட்டுக்காரன் எயிந்து ஓடுவான்..."

"ஓடட்டும். காலை நீட்டிகினு தூங்குவேன்."

இராயபுரத்து வீட்டின் முன்னறையில் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. காசிமேட்டில் வாங்கிய ஐந்து கிலோ திருக்கைக் கருவாட்டை எல்சி பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுக்க, மகள் ஜூடி டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற சிலுவைமுத்து, மூக்கைத் துண்டால் பொத்தியபடி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

விடிந்தால் மனைவி எல்சிக்கு விமானம். பங்குக் கோயில் ஆட்களோடு இத்தாலிக்கு, ரோம், அசிசி, அந்தோணியார் கல்லறை இருக்கும் பதுவை என்று பத்து நாள் மலிவு யாத்திரை.

"திருக்கைய ஒரு நாளாவது நம்ம வூட்டுல வுட்டுகீறியா நீ? நாத்தம் கொடலப் புடுங்குதுன்னு கருவாட்டோட என்னையும் சேத்து வெளிய தொரத்துனவதான?"

"அது அப்போ."

"அந்த ஊரு தீனியெல்லாம் லிஸ்டு எயிதி வெச்சிகீற. தடி தடியா சேமியா, அதுல வாத்துக்கறி. காஞ்ச மீனைப் பாலுல வேவ வெச்சி சோளக்களியோட இன்னாவோ ஒண்ணு."

"துன்னத்தான் போறேன். மார்க்கெட்டாண்ட நின்னுகினே துன்னா சல்லிசாம். ஜூடி சொன்னா."

"அங்கயே காஞ்ச மீனு கீதுன்னா இது எதுக்குடி?"

எல்சி இன்னொரு சுற்று பிளாஸ்டிக்கைக் கிழித்தாள்.

சிலுவைமுத்துவை உறுத்தியது கருவாடு அல்ல, ஊர். அந்தப் பதுவைக்குத்தான் ஜூடி இரண்டு வருஷத்துக்கு முன் மேல்படிப்புக்குப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பிடி நெத்திலிக் கருவாடு வறுத்தாள் என்று, அறை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரி ஜனவரிக் குளிரில் அவளையும் பெட்டியையும் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

இரண்டு நாள் ரயில் நிலைய பெஞ்சில் கிடந்து நிமோனியா வந்து, பரீட்சையும் போய், படிப்பும் போய், எலும்பும் தோலுமாக வந்து இறங்கினாள் பெண். இப்போது திருவொற்றியூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

அவர் குரலை இறக்கினார். "எல்சி, உண்மைய சொல்லு. அந்தப் பொம்பளையாண்ட சண்டைக்குப் போவப் போறியா?"

"ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"சத்தியமா?"

"அந்தோணியார் மேல சத்தியம். பாத்தா சிரிச்சிகினே கும்புடு போடுவேன், போதுமா?"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு வருஷக் கோபத்தை அந்தோணியார் கல்லறையில் இறக்கி வைத்துவிட்டு வருவாள் போலிருக்கிறது. கருவாடு என்ன கருவாடு, போகட்டும்.

"செரி, இத எங்க வெச்சி வறுப்ப? ஓட்டல்காரன் அடுப்பு குடுப்பானா?"

"ஓட்டல்ல மத்தவங்க தங்குவாங்க. பதுவைல மூணு நாளும் நா தனி ரூமு. சமையக்கட்டு கீது. ஓட்டலைவுட சல்லிசு."

"குளிரு ஊரு. ஜன்னலெல்லாம் சாத்தி வெச்சிருப்பான். பொகை எங்கடி போவும்?"

"எங்கயும் போவாது."

ஜூடி டேப் ஒட்டுவதை நிறுத்தினாள். எல்சி பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்து மறுபடி இழுத்தாள்.

சிலுவைமுத்து துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். "தெரியாத ஊர்ல யாரை நம்பித் தனியா தங்குவ? யாரு வூடு அது?"

"ஜூடிய தெருவுல தள்ளுனா பாரு, அவ வூடுதான்யா."